ஓட்டையில்லாத டப்பா

பந்தல்காரனுடைய தார்ப்பாய் கல்யாணத்துக்கு வெளியே வரும், சாவுக்கு வெளியே வரும். என்னிடம் இருப்பதிலேயே பெரிய நீலத் தார்ப்பாய் அந்தப் புதன்கிழமை மத்தியானம் ஒரு மீன் லாரியை மூடுவதற்காக வெளியே வந்தது. கேட்டவன் பக்கத்து வீட்டு ஜெபிஷ். "அண்ணே, மழையில வண்டி நனையுது" என்றான். ஐப்பசி மாசத்தில் லாரி நனையாமல் வேறு என்ன செய்யும்? பத்து வருஷமாகக் கடியப்பட்டணத்தில் அவன் லாரி வெயிலானாலும் மழையானாலும் ரோட்டோரம்தான் நிற்கும். அன்றைக்கு வீட்டுக்குப் பின்னால் தோப்புக்குள், இரண்டு தென்னைகளுக்கு நடுவில் கொண்டுபோய்ச் செருகியிருந்தான். எனக்குப் புத்தி இருந்திருந்தால் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கயிற்றை இழுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, மழைக்கு இதமாக ஒரு சாயா குடிக்கலாமென்று போனேன்.

சாயாக்கடையில்தான் விஷயம் தெரிந்தது. இஸ்ரவேல் விழுந்துவிட்டார்.

இஸ்ரவேலைத் தெரியாதவர் எங்கள் ஊரில் கிடையாது. அறுபதுக்கு இரண்டு குறைவு. விடியுமுன் துறையில் மீன் எடுத்து, மொபெட்டின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு, திங்கள்நகர் பக்கம் வீடுவீடாகக் கொண்டுபோய் விற்பவர். அன்று காலை ஆறு மணிக்குச் சந்தைவிளை வளைவில் மொபெட் வழுக்கி, ஓடைச் சுவரில் தலை இடித்துவிட்டது. இடுப்பெலும்பும் போச்சு. நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார் என்றார்கள்.

"ரோடு நெறைய எண்ணெ, கேட்டியளா. மழவெள்ளத்துல எண்ணெயும் சேந்தா மனுஷன் நிப்பானா?" என்றார் கடைக்காரர். "எவனோ ஒரு சவம் வண்டிய ஒழுகவிட்டுட்டு போயிருக்கான். ஆளக் கண்டா வண்டியோட சேத்து கொளுத்தணும்."

"காமிரா இருக்காம்லா அங்ஙன. போலீஸ் பாத்துக்கிட்டு இருக்கு" என்றான் இன்னொருவன்.

தோப்புக்குள் மூடிவைத்த லாரி நினைவுக்கு வந்தது, சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அந்தத் தார்ப்பாயின் ஓரத்தில், ஒரு முழ உயரத்துக்கு, வெள்ளைப் பெயிண்டில் என் கடைப் பெயர் இருக்கிறது.

நேராக ஜெபிஷ் வீட்டுக்குப் போனேன். அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி பெனிலா கீழே சுவரில் சாய்ந்து, கிழிந்த வலை ஒன்றை மடியில் போட்டிருந்தாள். ஊரில் பாதி வள்ளக்காரர்களின் வலை அவள் கையில்தான் சரியாகும். பேசிக்கொண்டே கண்ணிகளைப் பின்னிவிடுவாள். அன்றைக்குக் கை ஓடவில்லை.

"லே, உள்ளத சொல்லு. ஒனக்க வண்டியா?" என்று கேட்டேன்.

"பைய பேசுங்க அண்ணே." எழுந்து சன்னலைச் சாத்தினான். "எனக்குத் தெரியாது. சத்தியமாட்டு தெரியாது. அஞ்சரைக்கு லோடு ஏத்திட்டு போனேன். எனக்கு முன்ன ரெண்டு வண்டி போச்சு. களியக்காவிளை சந்தைக்குக் கிட்ட போனப்பம்தான் ஆயில் லைட்டு செவப்பா எரிஞ்சுது. எறங்கி பாத்தா, கீழ சொட்டு சொட்டுண்ணு. நாலு லிட்டர் குறவு. ஊத்தி ஊத்தியாக்கும் திரும்பி வந்தேன்."

"அப்போ வளைவுல கெடந்தது?"

"எனக்கு முன்ன போன வண்டியளா இருக்கலாம்லா. எனக்கு அங்ஙன களியக்காவிளை ஏத்தத்துல ஒழுகத் தொடங்கியிருக்கலாம்லா. சொல்லுங்க அண்ணே, இருக்கலாம்லா?"

இருக்கலாம் என்றேன். வேறென்ன சொல்ல? அவன் கண்ணைப் பார்த்தால் சூரியன் மேற்கே உதிக்கும் என்றுகூடச் சொல்லியிருப்பேன். பெனிலா மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் கொண்டுவந்து வைத்தாள். அவர்கள் இரண்டு பேரும் தொடவில்லை. நான் தின்றேன். பயம் வந்தால் எனக்குப் பசி கூடும், அது என் பிறவிக் குணம்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து மழை ஊற்றியது. எட்டு மணிக்குப் பெனிலா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அண்ணே, மம்பட்டிய எடுத்துட்டு ஓடிவாங்க" என்று அடித்தொண்டையில் கூப்பிட்டாள். மம்பட்டியோடு போனேன். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து மழைத்தண்ணீர் ஓடி வருகிறது, அதன்மேல் பச்சையும் ஊதாவுமாக எண்ணெய் மினுங்குகிறது. தோப்பிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து தெருவுக்கு. தெருவின் கீழ்க்கடைசியில்தான் இஸ்ரவேலும் அவர் மனைவி வெரோணிக்கா அக்காவும் இருக்கும் வீடு. எண்ணெய் யார் வீட்டிலிருந்து வருகிறதென்று ஒரு குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

மூன்று பேரும் நனைந்துகொண்டே வரப்புப் போட்டோம். ஜெபிஷ் மரத்தூள் மூட்டையைக் கொட்டினான். பெனிலா பழைய சேலையை முறுக்கி வாசல்படியின் குறுக்கே போட்டாள். தெருவில் ஒரு ஜீப்பின் சத்தம் கேட்டது. மூன்று பேரும் அப்படியே நின்றோம், மம்பட்டி என் கையில் பாதி தூக்கியபடி. ஜீப் மின்சார வாரியத்தினுடையது, கம்பி அறுந்த இடத்துக்குப் போகிறது. ஜெபிஷ் அதைப் பார்த்த பிறகும் தென்னையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றான்.

"எனக்க நெஞ்சு நிண்ணு போவும் போல இருக்கு" என்றான்.

"மெக்கானிக்க விளிங்க" என்றாள் பெனிலா. "எப்போ ஒழுகத் தொடங்கிச்சுண்ணு அவரு சொல்லுவாருல்லா. நம்மது இல்லண்ணு தெரிஞ்சா ஒரு வாய் சோறாவது தின்னலாம்."

"நம்மதாக்கும்ணு தெரிஞ்சா?" என்றான் ஜெபிஷ்.

அவள் படியில் கிடந்த சேலையை இன்னும் இறுக்கி அழுத்தினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஜெயசிங் வந்தார். திங்கள்நகர் ரோட்டில் பட்டறை வைத்திருப்பவர். சாமித்தோப்புப் பதிக்கு வழிபாட்டுக்குத் தவறாமல் போகிறவர், நெற்றியில் வெள்ளை நாமம் மழையிலும் அழியாமல் இருந்தது. தங்கமான மனுஷன்தான், ஆனால் தொண்டை மட்டும் ஒலிபெருக்கி. வாழ்நாள் முழுக்க எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிவிட்டார்.

"எதுக்குவே வண்டிய தோப்புக்குள்ள கெட்டி வச்சிருக்கிய? பட்டறைக்கு கொண்டு வரப்பிடாதா?" என்று ஊர் கேட்க முழங்கினார்.

"ரோட்டுல ஒழுகுமேண்ணு..." என்று இழுத்தேன்.

"அது செரி, பந்தல்காரரே. நல்ல புத்தி. அங்ஙன ஒரு மனுஷன் எண்ணெயில வழுக்கி விழுந்து கெடக்காரே."

நான் அவசரமாகத் தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்தேன். அவர் அதைக் கவனித்தாரோ இல்லையோ, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கடியில் புகுந்தார். கொஞ்சநேரம் டார்ச் வெளிச்சம் மட்டும் அங்குமிங்கும் போனது.

"பொறத்த எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற எடத்துல ஒழுகுது. பாத்தா பேக் சீல் போனது போல இருக்கு. அப்படீண்ணா கியர்பாக்ஸ எறக்கணும், ரெண்டு நாளு வேல. ஆனா ஒழுகுத எடத்த வச்சு ஒண்ணும் சொல்லப்பிடாது. எண்ணெ மேல தொடங்கி கீழ வரும், காத்துக்குப் பின்னால போவும். எங்ஙன தொடங்குதுண்ணுதான் பாக்கணும்."

ஜெபிஷ் குனிந்து, "அண்ணாச்சி, என்னைக்கு தொடங்கிச்சுண்ணு சொல்ல முடியுமா?" என்று கேட்டான்.

"எதுக்கு?"

"சும்மா. தெரிஞ்சுகிடலாம்ணு."

ஜெயசிங் வெளியே வந்து விரலைக் காட்டினார். "பழைய ஒழுக்குண்ணா மண்ணும் பொடியும் ஒட்டி அட போல இருக்கும். இது வெறும் எண்ணெ. புது ஒழுக்காக்கும். மூணு நாளு, மிஞ்சினா நாலு."

மூன்று நாளென்றால் புதன்கிழமை. அது எங்களுக்கே தெரியும். புதன்கிழமை காலை ஆறு மணிக்கு முன்னாலா, பின்னாலா? உலகத்தில் வேறு எதுவும் எங்களுக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

டீசலை ஊற்றி எஞ்சின் முழுவதையும் கழுவினார். பழந்துணியால் துடைத்துத் துடைத்து, இரும்பு தெரிகிற அளவுக்குக் காயவைத்தார். பிறகு பெனிலாவைப் பார்த்து, "மக்ளே, மொகத்துக்குப் போடுற பவுடர் இருக்கா? டப்பாவோட கொண்டு வா" என்றார். அவள் கொண்டுவந்து கொடுத்தாள். எஞ்சின்மேல் மாவு தூவுவதுபோல் மேலும் கீழும் தூவினார். தோப்பெல்லாம் கல்யாண வீட்டு வாசனை.

"இனி ஸ்டார்ட் பண்ணு. எந்த எடத்துல பவுடர் முதல்ல நனையுதோ அதாக்கும் கள்ளன்."

ஜெபிஷ் ஏறிச் சாவியைத் திருகினான். மூன்று நாள் ஒளித்துவைத்த லாரி ஒரே முழக்கமாக முழங்கியது. ஊரே காதுகொடுத்துக் கேட்பதுபோல் இருந்தது எனக்கு. இரண்டு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு மேல்மூடியின் ஓரத்தில் பவுடர் கறுத்தது. "ஆங், டாப் கவர் பாக்கிங்" என்றார் ஜெயசிங். சொல்லி வாய் மூடுமுன் பின்பக்கமும் நனைந்தது. ஆயில் அளக்கிற கம்பி தானாகவே மேலே எழும்பி நின்றது.

"நிறுத்துலே, நிறுத்து!"

எஞ்சின் நின்றதும் அவர் தலையைச் சொறிந்தார். "எல்லா எடத்துலயும் ஒரே நேரத்துல ஒழுகுதுண்ணா அது பாக்கிங்குக்க குற்றம் இல்ல. எஞ்சினுக்கு மூச்சு முட்டுது. எஞ்சினுக்குள்ள உண்டாகுத புகையும் காத்தும் வெளிய போவதுக்கு ஒரு குழல் உண்டு, பிரீதர். அது அடைச்சா, போக வழியில்லாம எண்ணெய எல்லா சந்துவழியும் தள்ளும்." சொல்லிக்கொண்டே கையால் அந்த ரப்பர் குழலைத் தடவிக் கீழே போனார். போன கை நின்றது.

குழலின் நுனியில் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் ஆயில் டப்பா தொங்கியது. குழலிலிருந்து சொட்டுவதைப் பிடிக்க எல்லா மீன் லாரிக்காரர்களும் இப்படி ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவார்கள். மீன் குவிக்கிற தரையில் எண்ணெய் சொட்டினால் துறையில் வண்டியை உள்ளே விடமாட்டார்கள். ஆனால் இதைக் கட்டியிருந்த அழகு வேறு. டப்பாவின் வாயில் குழலைச் செருகி, சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றி, அதற்குமேல் வலை நூலால் நெருக்கமாக, ஒரு நூலுக்கும் அடுத்த நூலுக்கும் இடையே ஊசிகூடப் போகாதபடி வரிந்து முடிச்சுப் போட்டிருந்தது. டப்பா வீங்கி உருண்டிருந்தது.

"இத யாரு கெட்டினது? டப்பாவுக்க தோளுல ஒரு ஓட்ட போடணும்லா. காத்து போவாண்டாமா? என்னைக்கு கெட்டினது?"

"நானாக்கும்" என்றான் ஜெபிஷ் சட்டென்று. "நேத்து. வியாழக்கிழம."

ஒரு கணம் எனக்கு உயிர் வந்தது. வியாழக்கிழமை கட்டியதென்றால் புதன்கிழமைக் கணக்கு நம் தலையில் இல்லையே. அப்புறம்தான் உறைத்தது. எண்ணெய் ஒழுகத் தொடங்கியது புதன்கிழமை, வியாழக்கிழமை காலையில் அதற்கு வரப்புப் போட்டவன் நான்தான்.

"செவ்வாக்கிழம சாயங்காலம்" என்றாள் பெனிலா. "நானாக்கும் கெட்டினது."

"ஏட்டி, நீ சும்மா இரி."

"செவ்வாக்கிழம நீங்க துறையில ஏச்சு வாங்கிட்டு வந்திய. தரையில எண்ணெ சொட்டிச்சு, இனி வண்டிய உள்ள விடமாட்டோம்ணு சொன்னதா ஆத்திரப்பட்டுட்டு படுத்திய. நான் வண்டி கழுவப் போனேன். பழைய டப்பாவுல ஓட்ட கெடந்துது. அதுவழியாக்கும் சொட்டுதுண்ணு நெனச்சேன். ஓட்டய கண்டா எனக்க கை சும்மா இருக்காது. புது டப்பா எடுத்து, ஒரு சொட்டு வெளிய போவாத மாதிரி கெட்டினேன்."

"அந்த ஓட்ட நான் போட்டதாக்கும், ஏட்டி. ஆணிய பழுக்க வச்சு நானே போட்டது."

"எனக்கிட்ட சொல்லல்லியே."

"நீ கேக்கல்லியே."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோபமில்லை அதில். செவ்வாய்க்கிழமை கட்டியதென்றால் புதன் காலை கிளம்பியதிலிருந்தே ஒழுக்கு; இரண்டு பேருக்கும் ஒரே பயம், அது இப்போது சந்தேகம் போய் நிச்சயமாகிவிட்ட பயம். ஜெயசிங் எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்தார். எஞ்சினின் ஒழுக்கையே தேடிப் பிடிக்கிறவருக்கு இதைப் பிடிக்க எவ்வளவு நேரமாகும்? அவர் தொண்டை முதல்முறையாகத் தாழ்ந்தது.

"ஒரு ஆணி கொண்டு வா" என்றார்.

பெனிலா அடுப்பில் ஆணியைப் பழுக்கக் காய்ச்சிக் கொடுத்தாள். கிடுக்கியால் பிடித்து டப்பாவின் தோளில் வைத்தார். உஸ்ஸென்று காற்றுப் போய் வீக்கம் வடிந்தது. மறுபடி துடைத்து, பவுடர் தூவி, எஞ்சினை ஓடவிட்டார். அரை மணி நேரம் ஓடியது. பவுடர் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது, மேலேயும் நனையவில்லை, பின்னாலும் நனையவில்லை. இரண்டு நாள் வேலை என்றது ஒரு ஆணியில் முடிந்துவிட்டது. ஐயோ, அது அப்படி முடிந்ததுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

ஜெயசிங் கையைத் துடைத்துக்கொண்டார். "நான் ஆயில் ஒழுக்கு பாக்க வந்தேன். பாத்தாச்சு. மத்தது ஒங்களுக்க காரியம்" என்றார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயாகூடக் குடிக்கவில்லை.

ஜெபிஷ் வண்டிக்கடியில் தடவிய விரலைப் பெனிலாவிடம் காட்டினான். "பாரு. வண்டி காஞ்சாச்சு. இனி எந்த போலீஸ் வந்து பாத்தாலும் ஒரு சொட்டு காணாது. அந்த டப்பாவ கடல்ல எறிஞ்சா போரும். ஜெயசிங் அண்ணாச்சி சொல்லமாட்டாரு. அண்ணன் சொல்லமாட்டாரு."

"நான் எதுக்குச் சொல்லுகேன்" என்றேன். மறைக்காமல் சொல்கிறேன். எனக்கும் பயம், எங்கள் ஊர்ப் பேச்சில் பேடி. என் தார்ப்பாய், என் மம்பட்டி, நான் போட்ட வரப்பு. அந்த நேரத்தில் ஜெபிஷ் சொன்னது எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது.

பெனிலா முகம் கழுவிவிட்டு வந்தாள். சேலை மாற்றியிருந்தாள்.

"எங்க போற?"

"வெரோணிக்கா அக்கா ஆஸ்பத்திரியிலேருந்து துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்துருக்கு. கொஞ்சம் முந்தி போனத கண்டேன்."

"லூசா ஒனக்கு? கொளுத்திருவாவ நம்மள!"

"கொளுத்தட்டும்." அவள் செருப்பை மாட்டினாள். "எனக்கும் பேடிதான். போலீஸ நெனச்சு இல்ல. அவரு செத்துப்போனா நாம சாவு வீட்டுக்குப் போவணும். அண்ணன் பந்தல் போடும். நீங்க பெட்டி சுமக்கணும். நான் அந்த அக்காவ கெட்டிப் பிடிச்சு அழணும். எப்பிடி அழுவேன்? சொல்லுங்க, எந்த மொகத்த வச்சிட்டு அழுவேன்?"

ஜெபிஷ் தலையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணே, தனியா போக கால் வரல்ல. கூட வாரியளா?"

போனேன். தைரியத்தால் அல்ல, அவள் தனியாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தைரியம் இல்லாததால். அந்தத் தெரு நூறடி இருக்கும். எதிரே வந்த இரண்டு பேர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அவர்கள் கையில் தீப்பெட்டி இருப்பதாகவே தோன்றியது.

வெரோணிக்கா அக்கா கட்டிலில் ஒரு பையை வைத்து, வேட்டியும் துண்டும் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளில் பாதியாகியிருந்தாள். "வா பிள்ள" என்றாள். பெனிலா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். டப்பாவை, நூலை, செவ்வாய்க்கிழமையை, தோப்பில் வண்டியை மூடியதை, ஒன்று விடாமல். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்த நிமிஷமும் அக்கா அலறுவாள், அக்கம்பக்கம் ஓடிவரும் என்று காத்திருந்தேன்.

அக்கா அலறவில்லை. கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள்.

"அப்போ அது பேதலிப்பு இல்லியா?" என்றாள்.

எங்களுக்குப் புரியவில்லை.

"இண்ணைக்கு விடிய கண்ணு தொறந்தாரு பிள்ள. தொறந்ததும் எனக்க பேரு சொல்லல்ல, மக்க பேரு சொல்லல்ல. 'ஜெபிஷுக்கிட்ட சொன்னியா'ண்ணு கேட்டாரு. 'என்னத்தவே சொல்ல?'ண்ணேன். 'அவனுக்க வண்டியில எண்ணெ கொட்டுது. அவன் அறியாம போறான், எஞ்சின் தீ பிடிச்சிரும். வெரட்டிப் பாத்தேன், பிடிக்க முடியல்ல'ண்ணு அதையே திரும்பத் திரும்ப சொன்னாரு. தலையில அடிபட்டதுல புத்தி கலங்கிப்போச்சுண்ணு நான் டாக்டர விளிச்சுட்டு ஓடினேன்."

பெனிலா தரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

"ஒங்கள காப்பாத்த வெரட்டிப் போயாக்கும் விழுந்தாரு" என்றாள் அக்கா. இப்போதுதான் அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "மூணு நாளு! மூணு நாளு எனக்க வாசல்வழி நடந்துருக்கிய. நான் அங்ஙன ஆஸ்பத்திரித் தரையில கெடந்து, எந்த பாவிக்க வண்டியோண்ணு சாபம் போட்டுட்டு இருந்தேன். ஒருத்தர் வந்து ஒரு வார்த்த சொல்லல்லியே பிள்ள!"

நான் எதையோ சொல்லப் போனேன். அப்போதுதான் வாசலில் ஜெபிஷ் நிற்பதைப் பார்த்தேன். எப்போது வந்தான், எவ்வளவு கேட்டான் என்று தெரியாது. மழையில் நனைந்து, சட்டைகூடப் போடாமல் நின்றான். "அக்கா" என்றான்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பையை எடுத்து அவன் நெஞ்சில் வைத்து அமுக்கினாள்.

"பேசாண்டாம். வண்டிய எடு. இப்பம் எடு. அந்த மனுஷன் ஒன்ன முழுசாட்டு கண்ணால காணணும்" என்றாள். "நீ போலீஸுக்கு பேடிச்சு ஒளிச்சிருந்தியாக்கும். கண்ணு தொறந்த நேரத்துலேருந்து அவருல்லாலே ஒன்ன தேடிட்டு கெடக்காரு."